நாலே முக்கால் அலாரமும் எட்டேகால் வகுப்பும்

கேள்வி:

டாக்டர், எனக்குத் திருவள்ளூர் பக்கத்தில் ஒரு கிராமம். இந்த வருடம் சென்னையில் ஒரு கலைக் கல்லூரியில் பி.காம். சேர்ந்திருக்கிறேன். முதல் ஷிப்ட். எட்டேகாலுக்கு வகுப்பு ஆரம்பித்துவிடும். நாலே முக்காலுக்கு எழுந்தால்தான் சைக்கிளில் ஸ்டேஷன் போய், ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வரும் யூனிட் வண்டியை, அதாவது புறநகர் மின்சார ரயிலைப் பிடித்து, சென்ட்ரலில் இறங்கி, பார்க் ஸ்டேஷனில் இன்னொரு வண்டி மாறிப் போக முடிகிறது. பிளஸ் டூ லீவில் இரண்டு மணிக்குப் படுத்துப் பத்து மணிக்கு எழுந்து பழகிவிட்டேன். இப்போது ஒன்பதரைக்கே படுத்தாலும் பன்னிரண்டரை வரை தூக்கம் வருவதில்லை. முதல் ஹவரில் தூங்கி விழுகிறேன். போன வாரம் சார் எழுப்பி நிற்க வைத்துவிட்டார், எல்லாரும் சிரித்தார்கள். லேட்டாகப் போனதில் மூன்று நாள் அட்டெண்டன்ஸும் போய்விட்டது. மூன்றரைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக் கொஞ்சம் சாய்வேன், ஆறரைக்கு அம்மா எழுப்பிவிடுவார். எனக்காக அம்மா நாலு மணிக்கே எழுந்து சமைக்கிறார். 'எல்லாம் சோம்பேறித்தனம்' என்கிறார் அப்பா. நண்பன் மெலட்டோனின் மாத்திரை போடச் சொல்கிறான். போடலாமா? இல்லை, இரண்டாம் ஷிப்டுக்கு மாறிவிடலாமா? செமஸ்டர் வந்தால் ராத்திரி எப்படிப் படிப்பது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கண்ணில் படாமல் போன ஒரு வரி இரண்டாம் முறை பிடிபட்டது. 'சாப்பிட்டுக் கொஞ்சம் சாய்வேன்.' மூன்றரைக்கு வந்து, சாப்பிட்டு, நாலு மணிக்குப் படுத்து, ஆறரைக்கு எழுந்தால் அது இரண்டரை மணி நேரம். இதைச் சாய்வது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ராத்திரித் தூக்கத்தில் மூன்றில் ஒரு பங்கை நீங்கள் சாயங்காலமே தூங்கித் தீர்த்துவிடுகிறீர்கள். அப்புறம் ஒன்பதரைக்குப் படுத்தால் தூக்கம் எங்கிருந்து வரும்?

தூக்கமும் பசி மாதிரிதான். ஆறு மணிக்கு நாலு பஜ்ஜியும் ஒரு டீயும் உள்ளே போனால் எட்டு மணிக்குச் சோற்றைப் பார்க்கவே பிடிக்காது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது சேரச் சேரக் கண் சொக்கும், தூங்கத் தூங்கக் கரையும். விடிகாலையிலிருந்து நீங்கள் சேர்த்து வைத்ததைச் சாயங்காலம் நாலு மணிக்குக் கட்டிலில் போய்க் கரைத்துவிடுகிறீர்கள்.

இது பாதிக் கதை. மீதிக் கதை உங்கள் அப்பாவுக்கும் தெரிய வேண்டியது.

நம் மூளையின் அடிப்பகுதியில், இரண்டு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் குறுக்கே சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, நரம்பு செல்களின் ஒரு சின்னக் கொத்து இருக்கிறது. அரிசி மணி அளவுகூட இருக்காது. எப்போது தூங்குவது, எப்போது உடம்புச் சூடு குறைவது, எப்போது எந்த ஹார்மோன் சுரப்பது என்பதையெல்லாம் அதுதான் நேரம் பார்த்து நடத்துகிறது. வெளியுலக வெளிச்சமே காட்டாமல் மனிதர்களை வைத்துப் பார்த்ததில், இந்தக் கடிகாரம் சரியாக 24 மணி நேரத்துக்கு ஓடுவதில்லை என்று தெரிந்தது. சராசரியாகப் பத்து நிமிடம் போல கூடுதலாக ஓடுகிறது. அதாவது விட்டால் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் லேட்டாகும். லீவில் இரண்டு மணி வரை விழிக்கப் பழகுவதற்கு உங்களுக்கு எந்த முயற்சியும் தேவைப்பட்டிருக்காது. திரும்பி வருவதற்குத்தான் இந்தப் பாடு. பதின்வயதில் இது இன்னும் பின்னால் தள்ளிப்போகும். இருபது வயதை ஒட்டி உச்சத்துக்குப் போய், பிறகு வருடா வருடம் மெல்ல முன்னால் வரும். உங்கள் அப்பா நாலரைக்குத் தானாக எழுந்துகொள்கிறார் என்றால் அதில் ஒழுக்கத்துக்குப் பங்கு உண்டு, வயதுக்கும் உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 2019-இல் இதற்கென்று ஒரு சட்டமே போட்டது. 2022 ஜூலையிலிருந்து அங்கே பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் எட்டரை மணிக்கு முன்னால் வகுப்பு தொடங்கக்கூடாது. நம் ஊரில் அந்த வயதுப் பிள்ளைகள் எட்டரைக்குள் ஸ்பெஷல் கிளாஸை முடித்துவிட்டிருப்பார்கள். அதனால் 'சோம்பேறித்தனம்' என்ற வார்த்தையை இந்த விஷயத்தில் எடுத்துவிடலாம் என்று அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். ஆனால் சாயங்காலத் தூக்கத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாதியை மறைத்தால் அவர் பக்கம்தான் ஜெயிக்கும்.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் ஒன்பதரைக்குப் படுப்பதை நிறுத்துங்கள். டாக்டர் தப்பாக எழுதிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். வழக்கமாகத் தூங்கிப் போகும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம்தான், நாள் முழுக்கப் பார்த்தால் உடம்பு நன்றாக விழித்துக்கொண்டிருக்கும் நேரம். பன்னிரண்டரைக்குத் தூங்குகிறவருக்கு ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை வரை தூக்கத்தின் கதவு சாத்தியே இருக்கும். அந்த நேரத்தில் இருட்டில் படுத்துக்கொண்டு, 'இன்னும் ஏழு மணி நேரம்தான் இருக்கு, ஆறு மணி நேரம்தான் இருக்கு' என்று கணக்குப் போட்டால் இருக்கிற தூக்கமும் ஓடும். இப்படியே ஒரு மாதம் போனால், பாயைப் பார்த்தாலே கவலை வர ஆரம்பித்துவிடும். அது வேறு வியாதி.

அதனால் முதல் மூன்று நாள் பதினொன்றரைக்குப் படுங்கள். அதற்கு முன் பாயை விரிக்கவே வேண்டாம். காலையில் நாலே முக்கால், அதில் மாற்றமில்லை. சாயங்காலத் தூக்கம் கிடையாது. இந்த மூன்று நாளும் சிரமமாகத்தான் இருக்கும், மறைக்க விரும்பவில்லை. ஆனால் மூன்றாம் நாள் ராத்திரி படுத்ததும் கண் சொக்குவதைப் பார்ப்பீர்கள். அப்புறம் மூன்று நாளைக்கு ஒரு தடவை கால் மணி நேரம் முன்னால் கொண்டு வாருங்கள். பதினொன்றேகால், பதினொன்று, பத்தே முக்கால் என்று. மூன்று வாரத்தில் பத்து மணிக்கு வந்து நிற்கலாம்.

பத்திலிருந்து நாலே முக்கால் வரை ஆறே முக்கால் மணி நேரம். உங்கள் வயதுக்கு ஏழிலிருந்து ஒன்பது மணி நேரம் வேண்டும் என்கிறார்கள். குறைகிறதே என்றால், ஆமாம், குறைகிறது. ஒன்பது மணிக்குப் படுங்கள் என்று எழுதிவிட்டு நான் நல்ல பெயர் வாங்கிக்கொள்ளலாம். ஹாலில் டிவி ஓடி, எல்லாரும் சாப்பிட்டு முடித்து, விளக்கு அணைவதற்குப் பத்து மணி ஆகிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் வீடும் அப்படித்தான் என்றே வைத்துக்கொள்கிறேன். ஆகவே மிச்சத்தை வண்டியில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

காலையில் திருவள்ளூரில் உட்கார இடம் கிடைத்ததும் பையை மடியில் வைத்து, வாரைக் கையில் சுற்றிக்கொண்டு, போனில் அலாரத்தை வைப்ரேட்டில் போட்டுவிட்டுக் கண்ணை மூடுங்கள். ஆவடி வரை. கிட்டத்தட்ட அரை மணி நேரம் கிடைக்கும். ஆவடியில் கூட்டம் ஏறிய பிறகு எப்படியும் யாரும் தூங்க விடப் போவதில்லை. அங்கிருந்து கண்ணைத் திறந்து ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். போனை அல்ல, வெளியே.

ஏன் என்றால், உங்கள் மூளைக் கடிகாரத்தை முன்னால் நகர்த்துகிற ஆணி காலை வெளிச்சத்திடம்தான் இருக்கிறது. வீட்டு டியூப் லைட் நமக்குப் பிரகாசமாகத் தெரிந்தாலும் அது வெளிச்சத்தை அளக்கிற லக்ஸ் கணக்கில் சில நூறுதான். வெயில் ஏறிய காலையில் திறந்தவெளி வெளிச்சம் பத்தாயிரத்தைத் தாண்டும். கண் வித்தியாசத்தைச் சமாளித்துவிடும், மூளைக் கடிகாரம் சமாளிக்காது. அதற்கு உண்மையான வெளிச்சம் வேண்டும். உங்கள் வண்டி கிட்டத்தட்ட நேர் கிழக்காகப் போகிறது. ஆடி, ஆவணியில் இடது கை ஜன்னல் பக்கம் சூரியன் ஏறும். மார்கழி, தையில் வலது பக்கத்துக்கு மாறிவிடும், ஆறரை மணி வாக்கில்தான் உதிக்கும். அதற்கேற்ப உட்காருங்கள். வெளிச்சத்துக்காக வாசல்படியில் தொங்கிக்கொண்டு போகச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், தூக்கக் கலக்கத்தோடு படியில் நிற்பது உயிரோடு விளையாடுவது. இறங்கிய பிறகு கல்லூரி வரை ஷேர் ஆட்டோவில் ஏறாமல் நடந்தால் இன்னும் பத்து நிமிட வெளிச்சம் சேரும்.

மதியம் திரும்பும் வண்டியில் இன்னொரு அரை மணி நேரம் தூங்கலாம். ஒன்றிலிருந்து மூன்று மணிக்குள் எல்லாருக்கும் கொஞ்சம் அசதி வரும். சாப்பாடுதான் காரணம் என்று நினைக்கிறோம், சாப்பிடாவிட்டாலும் வரும். அந்த நேரத்துத் தூக்கம் ராத்திரியைக் கெடுக்காது. அதற்கும் அலாரம் அவசியம். நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்த காலத்தில், முப்பது மணி நேர டூட்டி முடித்து டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கண்டக்டர் தோளைத் தட்டியபோது பஸ் டெப்போவில் நின்றுகொண்டிருந்தது. என் ஸ்டாப் தாண்டி ஒன்பது ஸ்டாப். உங்கள் வண்டி அரக்கோணம் போகிற வண்டியாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மூன்றரைக்கு வீட்டுக்குள் நுழைந்த பிறகு கட்டில் பக்கம் போகாதீர்கள். இந்த ஒன்றில்தான் நீங்கள் தோற்க வாய்ப்பு அதிகம். வயிறு நிறைந்திருக்கும், வெயிலில் வந்திருப்பீர்கள், ஃபேன் ஓடும், யாரும் தடுக்கப் போவதில்லை. ஒரு குளியல் போட்டுவிட்டு வெளியே கிளம்பிவிடுங்கள். கிரிக்கெட் ஆடுங்கள், ஊர் நூலகத்துக்குப் போங்கள், கடைக்குப் போய் வாருங்கள். ஐந்து மணி தாண்டிவிட்டால் அந்த மயக்கம் தானாகக் கலைந்துவிடும்.

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வீட்டில் வெளிச்சம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. போனைப் பற்றி எல்லாரும் சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டது, ஆனாலும் கேட்கிறேன். பதினொரு மணிக்கு உங்களை விழிக்க வைத்திருப்பது எது? கிளாஸ் வாட்ஸப் குரூப்பில் யாராவது அசைன்மென்ட் பக்கங்களைப் போட்டோ எடுத்துப் போட்டுக்கொண்டிருப்பார். அதை நாளைக் காலை வண்டியில் ஆவடி தாண்டிப் பார்த்துக்கொள்ளலாம். போனைச் சமையலறையில் சார்ஜ் போட்டுவிட்டு, எழுவதற்கு ஒரு டைம்பீஸ் வாங்கிக்கொள்ளுங்கள். கையெட்டும் தூரத்தில் வைக்காதீர்கள்.

டைம்பீஸ் வாங்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இப்போது உங்கள் அலாரம் அம்மாதான். அவர் எத்தனை மணிக்குப் படுக்கிறார் என்று கடிதத்தில் இல்லை. பதினொன்று என்று வைத்தாலும் ஐந்து மணி நேரம்தான் தூங்குகிறார். அவருக்கு வண்டித் தூக்கமும் கிடையாது. விடிகாலை ஐந்து மணிக்குத் தட்டு நிறைய டிபன் சாப்பிட எந்த வயிறும் கேட்காது. இரண்டு வாழைப்பழமும் ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலையும் எடுத்துக்கொண்டு போய், வகுப்புக்கு முன்போ இடைவேளையிலோ கேன்டீனில் இட்லி சாப்பிட்டால் போதும். வாரத்தில் இரண்டு நாளாவது இப்படிச் செய்து, அன்றைக்கு அம்மாவை ஐந்தரை வரை தூங்கச் சொல்லுங்கள். கேட்க மாட்டார், சொல்லிப் பாருங்கள்.

அடுத்தது ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் அதைப் பற்றி எழுதவில்லை, ஆனால் பதினொரு மணிக்கு எழுந்திருப்பீர்கள் என்று பந்தயம் கட்டுவேன். நாலே முக்காலுக்கும் பதினொன்றுக்கும் ஆறேகால் மணி நேர வித்தியாசம். நமக்கும் லண்டனுக்கும்கூட அவ்வளவு கிடையாது, அங்கே குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரம்தான். ஒவ்வொரு சனிக்கிழமையும் டிக்கெட் இல்லாமல் லண்டன் போய்விட்டுத் திங்கட்கிழமை விடிகாலை திருவள்ளூரில் வந்து இறங்கினால் உடம்பு என்ன செய்யும்? லீவு நாளில் ஆறரை, மிஞ்சிப்போனால் ஏழு. அதற்கு மேல் வேண்டாம். உடம்பு கேட்டால் மதியம் ஒரு மணிக்கு ஒரு குட்டித் தூக்கம் போடுங்கள்.

மெலட்டோனின் விஷயம். இருட்டியதும் உடம்பு தானே சுரக்கிற ஹார்மோன் அது. தூக்க மாத்திரை போல ஆளை அடித்துப் போடாது. 'இருட்டிவிட்டது' என்று மூளைக் கடிகாரத்துக்குச் சொல்லும், அவ்வளவுதான். எந்த நேரத்தில், எவ்வளவு என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நேரம் மாறினால் கடிகாரம் எதிர்ப்பக்கம்கூட நகரலாம். சாயங்காலம் இரண்டரை மணி நேரம் தூங்குகிறவருக்கு நான் அதை எழுதித் தர மாட்டேன். நண்பர் சொன்னார் என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்காதீர்கள். அதைவிட மோசமாக, தூக்கம் வரும் என்பதற்காகச் சளி மாத்திரை, அலர்ஜி மாத்திரை போடுகிற பழக்கம் ஹாஸ்டல்களில் இருக்கிறது. அதன் மயக்கம் மறுநாள் முதல் ஹவர் வரை கூடவே வரும். காபி குடிக்கலாம், ஆனால் மதியத்தோடு நிறுத்துங்கள். உள்ளே போன காஃபீனில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். சாயங்காலம் ஆறரைக்கு எழுந்து ஒரு ஸ்ட்ராங் காபி குடிக்கிறீர்கள் என்றால், பதினொன்றரைக்கும் அதில் பாதி உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

உங்களை நிற்க வைத்த சாரைப் பற்றி ஒரு வார்த்தை. சிரித்தவர்களை விட்டுத்தள்ளுங்கள், அதில் பாதிப் பேர் அடுத்த வாரம் தூங்குவார்கள். நிற்கும்போது தூக்கம் கலையும் என்பது உண்மை, அவர் கோபத்தில் செய்தது வைத்தியமாகவும் இருக்கிறது. வகுப்பு முடிந்ததும் தனியாகப் போய், 'சார், திருவள்ளூரிலிருந்து வர்றேன், நாலே முக்காலுக்கு எழுந்திருக்கிறேன். பழகிக்கிட்டு இருக்கேன். தூக்கம் வந்தால் நானே பின்னால் போய் நின்றுகொள்ளலாமா?' என்று கேளுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் சரி என்பார்கள். ரயில் லேட்டான நாட்களைப் பற்றியும் அப்போதே பேசிவிடலாம். பொதுவாக 75 சதவீத வருகை இல்லாமல் பரீட்சை எழுத விடமாட்டார்கள். முதல் ஹவரை மட்டும் தொடர்ந்து கோட்டை விட்டால் ஒரே பாடத்தில் மாட்டிக்கொள்வீர்கள், அதனால் இந்தப் பேச்சைத் தள்ளிப் போடாதீர்கள்.

இரண்டாம் ஷிப்டுக்கு இப்போது மாற வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மதியம் தொடங்கி மாலை முடிகிற வகுப்பு என்றால் வீடு வந்து சேர ஒன்பதாகிவிடும். சாப்பிட்டுப் படுக்க நள்ளிரவு. லீவு நாள் பழக்கம் அப்படியே நிலைத்துவிடும், மூன்று வருடம் கழித்து எட்டு மணி ஆபீஸ் ஒன்று கிடைத்தால் இதே கடிதத்தை மறுபடி எழுதுவீர்கள். பணமும் ஒரு விஷயம். பல கல்லூரிகளில் முதல் ஷிப்ட் அரசு உதவி பெறுவது, இரண்டாவது சுயநிதி. கட்டணம் வேறு. மூன்று வாரம் முயன்று பார்த்துவிட்டு, அப்போதும் முடியவில்லை என்றால் கல்லூரிக்குப் பக்கத்தில் ஹாஸ்டலோ, நாலு பேர் சேர்ந்து எடுக்கிற ரூமோ யோசிக்கலாம்.

மூன்று வாரம் ஒழுங்காகச் செய்தும் பகல் முழுக்கத் தூங்கி விழுந்தால் ஒரு டாக்டரைப் பாருங்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு பார்ப்பார்கள். பலமாகக் குறட்டை விடுகிறீர்களா என்று வீட்டில் கேட்டுக்கொண்டு போங்கள். எதிலும் பிடிப்பில்லாமல் மனசு தொடர்ந்து சோர்ந்தே கிடந்தால் அதற்குக் காத்திருக்க வேண்டாம். 14416 என்பது மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

கடைசியாக, செமஸ்டர். ராத்திரி கண் விழித்துப் படிப்பது பிளஸ் டூவில் பழகியிருக்கும், விட மனசு வராது. படித்தது மனதில் பதிவதில் பெரிய பங்கு அன்றைய ராத்திரித் தூக்கத்துக்கு உண்டு. நாலு மணி வரை படித்துவிட்டு ஒரு மணி நேரம் படுத்தால், படித்ததில் ஒரு பங்கை நீங்களே தூக்கிப் போடுகிறீர்கள். கணக்குப் போடுகிற பாடங்களைச் சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு வரை வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை நாள் தூங்கிக் கழித்த நேரம் அதில் பாதிக்கு மேல் தேறும். மனப்பாடம் செய்வதை ஆவடிக்கு அப்புறம் வண்டியில் பார்க்கலாம். பரீட்சைக்கு முந்தைய நாள் ஹால் டிக்கெட், பேனா, கால்குலேட்டர், சீசன் டிக்கெட் எல்லாவற்றையும் பையில் போட்டு வாசல் பக்கம் வைத்துவிட்டு, வழக்கம் போலப் பத்து மணிக்கே படுத்துவிடுங்கள். பரீட்சை பத்து மணிக்கு என்றால் அன்றைக்கு ஒரு வண்டி தள்ளிக்கூடப் பிடிக்கலாம்.